இடது முப்பத்தொன்பது

இடது முப்பத்தொன்பது. வலது நாற்பது.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு
நாற்பத்தொரு வயதும் ஐந்து ஜோடி ஷூவும் ஆனது.

முதல் ஜோடி கடைக்காரர் சொன்ன ஜோடி.
"போடப் போட இளகிடும் சிஸ்டர்."
தோல் இளகும். ரப்பர்கூட வெயிலுக்கு இளகும்.
கார்பன் அடிப்பாகம் தலைமை நர்ஸ் மாதிரி,
இளகவே இளகாது.
நானே தலைமை நர்ஸ் என்பதால்
தைரியமாய்ச் சொல்கிறேன்.

கல்லாறில் ஏறத் தொடங்கினால்
பாக்குத் தோப்பு முடியும்வரை ஒன்றும் தெரியாது.
பர்லியாறில் மங்குஸ்தான் விற்பவளைத் தாண்டும்போது
சுண்டுவிரல் லேசாய் ஒரு சேதி அனுப்பும்.
ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில்
மூன்று விரல்கள் மரத்துப்போகும்.
தேயிலைக்காக மலையெல்லாம் மரம் இழந்திருக்க
என் ஷூவுக்குள் மட்டும்
மூன்று மரங்கள்.

பெடலிலிருந்து காலைத் திருகிப் பிடுங்கி
மைல்கல்லில் உட்கார்ந்து சாக்ஸோடு
தாரில் பாதத்தைத் தேய்ப்பேன்.
கேரட் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள்.
ஒருநாள் ஒரு குரங்கு ஷூவுக்குள் தலைவிட்டுப் பார்த்து
அதற்கும் பொருந்தாமல் போய்விட்டது.

இரண்டாம் ஜோடி பெரிது.
விரல்களுக்குக் கொண்டாட்டம்; குதிகால் மட்டும்
மிதிக்கு மிதி எழுந்து சலாம் போட்டது.
மூன்றாவதைப் பற்றிக் கேட்காதீர்கள்.
கோயம்புத்தூரில், காலை பத்து மணிக்கு,
ஏசி அறையில், உட்கார்ந்தபடி வாங்கியது.
சாயங்காலம் அதற்கு மூச்சு முட்டியது.

கேத்தி போஜராஜ் தன் ஷூவைக் கிழித்துக்கொண்டான்,
சுண்டுவிரல் பக்கம், ஓர் அங்குலம்.
பதினைந்தாம் நம்பர் பிளேடு நான் கொடுத்ததுதான்.
தையல் போடவா என்றேன்.
"வேணாம், தொறந்தே கெடக்கட்டும். வலி வடியுது."
மழைநாளில் அந்த வழியாய்த் தண்ணீர் வரும்,
அந்த வழியாகவே போகும்.
எனக்கு அந்த மனசு இல்லை.

பன்னிரண்டு மணி நேரம் நின்று முடித்த ஒருநாள்
ஸ்டாஃப் ரூமில்
குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
வெறுங்காலோடு அதன்மேல் ஏறினேன்.
பேனாவைச் செங்குத்தாய்ப் பிடித்துச் சுற்றி வரைந்தேன்.
எத்தனை பேர் காலை அழுத்திப் பார்த்திருக்கிறேன்,
பள்ளம் விழுகிறதா,
எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று.
என்னுடையதை இப்போதுதான் பார்க்கிறேன்.
அட்டையில் இரண்டு தீவுகள்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரியே இல்லை.

பத்து விரலுக்கும் பத்துப் பொருத்தம் வேண்டும்.
பத்துக்கு ஒன்பது பொருந்திய ஜாதகம் ஒன்று
என்னிடமும் இருந்தது.
இந்தக் கவிதை அதைப் பற்றியது இல்லை.

ஒரே மாடலில் இரண்டு ஜோடி வாங்கினேன்.
கிளீட்டைப் பெருவிரல் மேட்டுக்கு நேராக வைத்து,
இரண்டு மில்லிமீட்டர் பின்னே தள்ளி,
ஒன்று முன்னே இழுத்து,
மூன்று ஞாயிறு போனது.
நாலாவது ஞாயிறு
குன்னூர் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது,
எனக்குக் கால்கள் இருக்கின்றன என்று.

மிச்சம் ஒரு ஜோடி.
"இடது நாற்பது, வலது முப்பத்தொன்பது.
புதுசு. பாதி விலை."
அரிய வகை ரத்தம் கேட்ட நோட்டீஸுக்கு அடியில்
ஒட்டிவைத்தேன்.
ரத்தம் இரண்டே நாளில் கிடைத்தது.
என் தாள் நாலு மாதம்,
ஒரு மூலை பசைவிட்டு மடங்கி.

நேற்று மஞ்சூரிலிருந்து ஒரு போன்.
சிவனேஸ்வரியாம். தேயிலை ஃபேக்டரியில்
சலிக்கிற மெஷினுக்கு முன்னால் நிற்கிறாளாம்.
"சின்னதுலேர்ந்து வலது செருப்புல
பஞ்சு வச்சுத்தான் போடுறேன் சிஸ்டர்.
ஆனா எங்கிட்ட சைக்கிள் இல்ல.
பரவால்லயா?"

அது நடக்கிற ஷூ இல்லை,
சிமெண்டில் டக் டக்கென்று வழுக்கும்,
படி இறங்க முடியாது,
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.
அந்தப் பக்கம்
மெஷின் ஓடும் சத்தம்.

"வா," என்றேன்.
"காலையில வராத.
ஷிஃப்ட் முடிச்சு, கால் வீங்கினப்புறம் வா."